பதினோரு அடி நான்கு அங்குலம்

சாமிக்கண்ணுவின் வீட்டுக்கு மேலே ஒரு கிளை இருந்தது. தூங்குமூஞ்சி மரத்தின் கிளை. ஆள் இடுப்பளவு பருமன். கிளை இந்தியாவில் இருந்தது. அடிமரம் மதிலுக்கு அந்தப் பக்கம், பிரான்சில் இருந்தது.

இது எப்படி என்று சொல்லிவிட வேண்டும். 1962இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தெருக்கள், விளக்குக் கம்பங்கள், சிறைச்சாலை எல்லாம் பட்டியலில் இருந்தன. ஊரின் தென்கோடியில் இருந்த ஒரு பழைய கிடங்கு மட்டும் பட்டியலில் விடுபட்டுப் போயிற்று. அதனால் அது பிரான்சாகவே இருந்தது. உள்ளே கால் உடைந்த நாற்காலிகள் கிடந்தன. நாற்காலிகளுக்கு ஒரு மிசியே பொறுப்பு; பிரெஞ்சுத் துரைகளை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். மரங்களுக்கு ஒரு தோட்டக்காரர் பொறுப்பு. தோட்டக்காரரின் பெயர் தணிகாசலம். நோணாங்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவார். சாமிக்கண்ணுவின் மனைவி கமலவேணிக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

1980 ஐப்பசியில் அடித்த புயலில் கிளை, அடிமரத்தோடு சேரும் இடத்தில் ஒரு முழ நீளத்துக்குப் பிளந்தது. ஆனால் விழவில்லை. காற்று அடிக்கும்போது துருப்பிடித்த கதவைத் திறப்பது போன்ற சத்தம் வந்தது. அடுத்த மாதம் கமலவேணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்தது. அன்னக்கிளி என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் தூளி கட்டத் தாங்கும் உத்தரம் ஒன்றுதான். மற்றவை கரையான் தின்றவை. அந்த ஒரு உத்தரம் கிளைக்கு நேர் கீழே இருந்தது.

சாமிக்கண்ணு ஆலையில் தறி ஓட்டுபவர். மதில் ஓரமாகப் போய் மச்சானைக் கூப்பிட்டார்.

"ரம்பம் எங்கிட்டதான் கெடக்கு மாப்ள" என்றார் தணிகாசலம். "அஞ்சு நிமிஷ வேலை. ஆனா மிசியே ஒரு தாளு கேக்கறாரு."

"என்னா தாளு?"

"அறுத்தா கெளை உங்க பக்கந்தான் விழும். பிரான்சு சொத்து இந்தியாவுல விழுதுல்ல? விழுந்துட்டுப் போவட்டும், ஆட்சேபணை இல்லன்னு உங்க கவுருமெண்டு ஒரு வரி எழுதித் தரணுமாம்."

"எங்க கவுருமெண்டா? உனக்கு மட்டும் வேற கவுருமெண்டா மச்சான்?"

"எட்டு மணியிலேருந்து அஞ்சு மணி வரைக்கும் எனக்கு அவுங்க" என்றார் தணிகாசலம்.

சாமிக்கண்ணு மூன்று அலுவலகங்களுக்குப் போனார். மூன்றிலும் மரத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். அந்தப் பக்கம் என்றதும் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாவது அலுவலகத்தில் இருந்தவர் மட்டும் இரக்கப்பட்டு, மாடிப்படி ஏறி இடது பக்கம் கடைசி அறைக்குப் போகச் சொன்னார்.

கடைசி அறையின் பெயர்ப் பலகை நீளமானது. முன்னாள் ஆட்சியாளர்மீது போர் தொடுப்பதற்கான காரணங்களைத் தொகுக்கும் பிரிவு. கட்டடத்தில் எல்லோரும் காரணப் பிரிவு என்றார்கள். புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் சில காலத்தில் பழைய ஆட்சியாளரோடு சண்டைக்குப் போவது வரலாற்றில் காணப்படுகிறது. அப்படி ஒரு நிலை இங்கே வந்தால் அந்த நேரத்தில் காரணம் தேடி அலையக் கூடாது. எனவே முன்கூட்டியே தொகுத்து வைக்கவும் என்று ஒரு உத்தரவு. அதன்படி 1962இல் ஏழு பேரை நியமித்தார்கள். பத்தொன்பது வருடமாக ஒரு காரணமும் வரவில்லை. பிரான்ஸ் ஒத்துழைக்கவில்லை.

சாமிக்கண்ணு உள்ளே போனபோது ஏழு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பியூன் அம்மாவாசை எழுந்து நின்று தன் முக்காலியைக் கொடுத்தார். அரசு அலுவலகத்தில் யாரும் சாமிக்கண்ணுவை உட்காரச் சொன்னதில்லை. அவர் பயந்துபோனார்.

கண்காணிப்பாளர் சக்கரபாணி கிளையின் கதையை முழுவதும் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்நிய மரம். நம்ம ஆகாயம்" என்றார் மெதுவாக. "மணியம்மா, படிவம் எடு."

படிவம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பத்தொன்பது வருடமாக யாரும் கேட்டதில்லை. கடைசியில் ஜன்னல் ஆடாமல் இருக்க அடியில் மடித்துச் செருகியிருந்தது என்று தெரிந்தது. எடுத்தார்கள். ஜன்னல் ஆட ஆரம்பித்தது.

"ஐயா, ஆட்சேபணை இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதுங்க" என்றார் சாமிக்கண்ணு.

"ஆட்சேபணை இல்லை என்று எழுத எங்களுக்கு அதிகாரம் கிடையாது. ஆட்சேபணை எழுதத்தான் அதிகாரம். எதிரியின் பெயர்?"

"எதிரின்னு யாரும் இல்லீங்க."

"மரத்துப் பக்கம் இருக்கிற ஆள் யாரு?"

"தணிகாசலங்க. என் மச்சான்."

தட்டச்சர் மணியம்மாள் அடித்தார். எதிரி: தணிகாசலம். உறவு: மச்சான்.

"எத்தனை காலமாகப் பகை?"

"பகையெல்லாம் இல்லீங்க. கண்ணாலத்தன்னைக்கி அவுங்க ஆளுங்க உக்காந்த பந்தியில வடை தீந்துபோச்சு. அதுல ஒரு சடவு. அது ஆச்சு பன்னெண்டு வருஷம்."

"பன்னிரண்டு ஆண்டுகள்" என்றார் சக்கரபாணி. அவர் முகம் மலர்ந்தது. "எழுது."

கடைசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் விவரம் சொன்னார். ஜூன் மாதம் டெல்லியிலிருந்து ஆய்வு அதிகாரி வருகிறார். வேலை இல்லாத பிரிவுகளைக் கலைப்பது அவர் வேலை. "நீங்க சரியான நேரத்துக்கு வந்தீங்க, மிஸ்டர் சாமிக்கண்ணு. ஏழு குடும்பம் உங்களை வாழ்த்தும்."

"கெளை?"

"கிளையைப் பற்றி இனி நீங்கள் கவலைப்பட வேண்டாம். அது அரசாங்கத்தின் கவலை."

மறு வாரம் பிரிவு முழுவதும் ஸ்தல ஆய்வுக்கு வந்தது. ஒரு எழுத்தர் ஏணியில் ஏறி நாடா பிடித்தார். இன்னொருவர் கீழே நின்று குறித்தார். மதில் உச்சியிலிருந்து கிளை நுனி வரை பதினோரு அடி நான்கு அங்குலம். இலைகளையும் சேர்ப்பதா என்று விவாதம் நடந்தது. இலை உதிரக்கூடியது, போர் நடக்கும் காலத்தில் குளிர்காலமாக இருந்துவிட்டால் சிக்கல் என்று விட்டுவிட்டார்கள். கிளையில் வெள்ளை வண்ணத்தில் கா.பி. 1/81 என்று எழுதினார்கள். வாசலில் ஒரு பலகை நட்டார்கள். இக்கிளை அரசுப் பாதுகாப்பில் உள்ளது. தொடுவோர் தண்டிக்கப்படுவர்.

"நான் அறுக்கத்தானே தாளு கேட்டேன்" என்றார் சாமிக்கண்ணு.

"காரணத்தை அறுத்துவிட்டால் எதை வைத்துக்கொண்டு போருக்குப் போவது?" என்று சக்கரபாணி கேட்டார். அது நியாயமான கேள்வியாகவே இருந்தது.

கூட்டம் கூடிவிட்டதால் சக்கரபாணி உரையாற்றினார். பத்தொன்பது வருடமாகத் தயாராக வைத்திருந்த உரை.

"பெரியோர்களே, தாய்மார்களே. ஒரு நாடு பெரியமனுஷன் ஆனதற்கு அடையாளம் என்ன? தன்னை ஆண்டவனோடு ஒரு முறையாவது மோதியிருக்க வேண்டும். அமெரிக்காக்காரன் மோதினான். விடுதலை வாங்கி முப்பது வருஷம் ஆகவில்லை, பழைய எஜமானோடு இரண்டாவது தடவை மோதினான். ஏன் என்று கேட்டால் கப்பலை மறித்தான் என்பான், மாலுமியைப் பிடித்துப் போனான் என்பான். காரணம் இருந்தது, போனான். நமக்கு என்ன இருக்கிறது? வெள்ளைக்காரன் கையெழுத்துப் போட்டான், கைகுலுக்கினான், கப்பல் ஏறினான். பத்தொன்பது வருஷமாக ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. இப்படிப்பட்டவனை எதிரில் வைத்துக்கொண்டு ஒருத்தன் எப்படிப் பதவி உயர்வு வாங்குவது?"

கடைசி வாக்கியம் எழுதிவைத்த உரையில் இல்லை. தானாக வந்தது. எழுத்தர்கள் கை தட்டினார்கள்.

அதே தெருவில் இருக்கும் ராஜாம்பாள் கேட்டாள்: "சண்டைன்னா ரேஷன்ல சக்கரை குறைப்பாங்களா சார்?"

"அதற்கு வேறு பிரிவு, அம்மா."

மதிலுக்கு மேலே தணிகாசலத்தின் தலை தெரிந்தது. "என்னா மாப்ள, கூட்டமா இருக்குது?"

"எதிரியோடு பேசக் கூடாது" என்றார் சக்கரபாணி. "கோப்பு முடியும் வரை இரு தரப்புக்கும் போக்குவரத்து இல்லை. மீறினால் குடும்ப அட்டையில் குறிப்பு எழுதும்படி இருக்கும்."

இதைக் கேட்டு மிசியே ஒரு கடிதம் எழுதினார். தனக்கும் கிளை வேண்டாம் என்றும், அதை அறுத்துவிட மனப்பூர்வமாகச் சம்மதம் என்றும், ஒரு வரி தாள் கிடைத்தால் அன்றைக்கே வேலை முடியும் என்றும் எழுதியிருந்தார். பிரிவின் மொழிபெயர்ப்பாளர் ஆதிமூலம் அதை வாசித்தார். பிரெஞ்சுக் காலத்தில் படித்தவர். பத்தொன்பது வருடத்தில் அவருக்கு வந்த முதல் வேலை.

"கடைசியில என்ன போட்டிருக்கான்?" என்று சக்கரபாணி கேட்டார்.

"என் மேன்மையான உணர்வுகளின் வெளிப்பாட்டை ஏற்றுக்கொள்ளுமாறு தங்களை வேண்டுகிறேன்."

"என்ன உணர்வு?"

"மேன்மையான உணர்வு, சார்."

"அதை எதுக்கு நம்மகிட்ட வெளிப்படுத்தறான்?"

"அது அவங்க வழக்கம் சார். வாடகை பாக்கி கேட்டு எழுதினாலும் அப்படித்தான் முடிப்பாங்க."

சக்கரபாணி நம்பவில்லை. இவ்வளவு மரியாதையாக எழுதுகிறவன் சும்மா எழுத மாட்டான் என்றார். எதிரி உணர்ச்சிவசப்பட்ட நிலையில் இருக்கிறார் என்று குறிப்பு எழுதிக் கடிதத்தைக் கோப்பில் சேர்த்தார்கள். சம்மதம் என்ற பகுதியைச் சேர்க்கப் படிவத்தில் இடம் இல்லை.

இதற்குள் அன்னக்கிளிக்கு ஏழாம் மாதம் வந்துவிட்டது. காது குத்த வேண்டும். காது குத்துவதென்றால் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். வேறு மடி கிடையாது. கமலவேணிக்கு இருப்பது ஒரே அண்ணன்.

"போயி கேளு" என்றாள் அவள். "எம் பொண்ணு மூளிக் காதோட நிக்கணுமா?"

சாமிக்கண்ணு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனார். பிரிவில் இரண்டு நாள் ஆலோசனை நடந்தது. ஒரு குடிமகள் எதிரியின் மடியில் உட்காரலாமா என்பது கேள்வி. குழந்தைக்கு ஏழு மாதம்தான், அதற்கு நாட்டுப்பற்று இன்னும் வந்திருக்காது என்றார் ஆதிமூலம். இப்போதிலிருந்தே பழக்க வேண்டும் என்றார் ஒரு எழுத்தர். கடைசியில் உத்தரவு வந்தது. ஒரு காது மட்டும் குத்திக்கொள்ளலாம்.

"ஒண்ணுங்களா?"

"இரண்டு காதும் குத்தினால் நல்லுறவு என்று பொருள்படும்" என்றார் சக்கரபாணி. "ஒன்று என்றால் மனிதாபிமானம். இன்னொன்றைப் போர் முடிந்ததும் குத்திக்கொள்ளுங்கள்."

கோயிலில் நடக்க வேண்டியது வாசலில் நடந்தது. எதிரியைக் கோயில்வரை அழைத்துப்போகப் பிரிவிடம் வண்டி இல்லை. அம்மாவாசைதான் காவல். கிடங்கின் கேட்டிலிருந்து தணிகாசலத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். தணிகாசலம் தட்டில் கொலுசும் பாவாடையும் வாழைப்பழமும் வைத்துச் சுமந்துவந்தார். தட்டில் இருப்பவற்றை அம்மாவாசை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. எழுதிக்கொண்டார். பத்தர் வலது காதைக் குத்தினார். குழந்தை வீறிட்டது. பத்தர் ஊசியை எடுத்துக்கொண்டு இடது பக்கம் திரும்பினார்.

"அது வேணாம்" என்றார் அம்மாவாசை. அவருக்கே வெட்கமாக இருந்தது. அவர் தவளக்குப்பத்துக்காரர். மூன்று பெண்களைப் பெற்றவர்.

"நாப்பது வருஷத்துல ஒத்தக் காது குத்தினதில்ல நானு" என்றார் பத்தர்.

"கவுருமெண்டு உத்தரவுப்பா."

"காதுக்கா?"

அம்மாவாசை போய்ப் பந்தியில் உட்கார்ந்தார். தணிகாசலத்தின் இலையில் கமலவேணி மூன்று வடை வைத்தாள்.

ஜூன் கடைசியில் டெல்லி அதிகாரி வந்தார். தமிழர்தான். ஆனால் இருபது வருடம் டெல்லியில் இருந்ததால் நிறுத்தி நிறுத்திப் பேசினார். கோப்பு இருநூற்றுப் பதினான்கு பக்கம் வந்திருந்தது. ஜன்னல் ஆடியபடி இருந்தது. அதிகாரி சாமிக்கண்ணுவின் வீட்டுக்கே நேரில் வந்தார். தூளிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். சக்கரபாணியும் ஆதிமூலமும் மணியம்மாளும் பின்னால் நின்றார்கள்.

"நீங்கள் ஏன் பிரான்சோடு போர் வேண்டும் என்கிறீர்கள்?"

"எனக்குச் சண்டை வாணாங்க. கெளைதான் வாணாம்."

"அது போதாது. பழைய ஆட்சியாளர்மீது உங்களுக்கு ஏதாவது உண்மையான குறை இருக்கிறதா? உங்கள் குடும்பத்தில் யாராவது?"

சாமிக்கண்ணு யோசித்தார்.

"எங்க அப்பாரு ஆலையிலதாங்க இருந்தாரு. முப்பத்தாறுல வேலைநிறுத்தம் பண்ணாங்க. பத்து மணி, பன்னெண்டு மணி நேரம் நிக்க முடியல, எட்டு மணி நேரமாக்குன்னு கேட்டாங்க. பிரெஞ்சு போலீசு வந்து சுட்டாங்க. செத்தவங்க செத்தாங்க. அப்பாருக்குத் தொடையில பட்டுச்சு. நான் பொறந்து பாத்தப்போ காலை இழுத்துக்கிட்டுத்தான் நடப்பாரு. சாவற வரைக்கும் அப்படித்தான். குண்டை எடுக்கவே இல்ல. எரிச்சப்போ சாம்பல்ல கெடச்சுது."

வீட்டுக்கு மேலே கிளை கதவு போலச் சத்தமிட்டது. அதிகாரி ஆதிமூலத்தைப் பார்த்தார். ஆதிமூலம் தரையைப் பார்த்தார்.

சக்கரபாணி முதலில் தொண்டையைச் செருமினார். "வேலைநிறுத்தம் என்றால் அது தொழிலாளர் துறை, சார். நம்ம தலைப்பில் வராது."

"ஆமாம்" என்றார் அதிகாரி. அவருக்கு ஆறுதலாக இருந்தது போலத் தெரிந்தது. "மேலும் அது விடுதலைக்கு முன்னால் நடந்தது. அப்போது அவர்கள் முன்னாள் ஆட்சியாளர் அல்ல. இந்நாள் ஆட்சியாளர்."

அந்தப் பக்கத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்கள். மணியம்மாள் இன்னும் அதை அடிக்கவே இல்லை. அதனால் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

"கிளைக்கு வருவோம்" என்றார் அதிகாரி. "கிளை நீட்டிக்கொண்டிருக்கிறது. நீட்டிக்கொண்டிருப்பது ஒரு நிலைதான், காரணம் ஆகாது. ஏதாவது நடந்ததா? ஓடு உடைந்ததா? யாருக்காவது அடி?"

"இல்லீங்க. அதுக்குள்ள அறுத்துடணும்னுதான் கேக்கறேன்."

"அதுதான் குறைபாடு. படிவத்தில் பதினேழாவது கட்டம் காலியாக இருக்கிறது, பாருங்கள். விளைந்த சேதம். இது நிரம்பினால் காரணம் முழுமை பெறும். பிரிவையும் விரிவாக்கலாம், பதினைந்து பேர் வரை. நிரம்பாவிட்டால் கலைத்துவிட வேண்டியதுதான். செப்டம்பர் வரை பார்க்கலாம்."

அவர் காரில் ஏறிப் போனார். மற்றவர்களும் போனார்கள். சக்கரபாணி மட்டும் நின்றார். அண்ணாந்து ஓட்டைப் பார்த்தார். உத்தரத்தைப் பார்த்தார். தூளியைப் பார்த்தார்.

"பாப்பா எத்தனை மணிக்குத் தூங்கும்?" என்று அன்பாகக் கேட்டார்.

"பதினோரு மணிக்குங்க" என்றார் சாமிக்கண்ணு.

சக்கரபாணி சட்டைப் பையிலிருந்து சிறிய நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். கட்டம் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

அவர் தெருமுனை திரும்பும் வரை கமலவேணி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தூளியிலிருந்து குழந்தையைத் தூக்கினாள்.

"ஏய்யா, அந்தாளு என்னாத்துக்கு மணி கேட்டான்?"

சாமிக்கண்ணு அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் புரிந்தது.

"எங்கண்ணனைக் கூப்பிடு" என்றாள் கமலவேணி.

"குடும்ப அட்டையில எழுதுவாங்க."

"எழுதட்டும். அட்டையில பேரு இருக்கறதுக்குப் பாப்பா இருக்கணுமில்ல?"

நாள் குறித்தவர் தணிகாசலம். ஜூலை பதினான்கு. அன்றைக்கு பிரான்சின் தேசியத் திருநாள். புதுச்சேரியில் அந்த நாடு இன்னும் இருப்பது போலவே அந்தத் திருநாளும் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தாக்கள் கோட்டில் மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைப் பக்கம் அணிவகுப்பார்கள். மிசியே கிடங்கைப் பூட்டிவிட்டு அங்கே போய்விடுவார். காரணப் பிரிவும் அன்று முழுப் பலத்தோடு அங்கேதான் இருக்கும். எதிரி எந்த அளவுக்கு மகிழ்ச்சியாக இருக்கிறார் என்பதை ஆண்டுதோறும் குறிக்க வேண்டும் என்று உத்தரவு. பத்தொன்பது வருடமாக அவர்கள் தவறாமல் செய்துவந்த ஒரே வேலை அது.

காலை பத்தரைக்குத் தணிகாசலம் மரத்தில் ஏறினார். கிளையின் நடுவிலும் நுனியிலும் தேங்காய் நார்க் கயிற்றைக் கட்டி மேலே ஒரு கவட்டில் சுற்றிக் கீழே போட்டார். ஒரு கயிற்றைச் சாமிக்கண்ணு பிடித்தார். இன்னொன்றைக் கமலவேணியும் ராஜாம்பாளும் பிடித்தார்கள். அன்னக்கிளி நாலு வீடு தள்ளி ராஜாம்பாளின் மாமியாரிடம் இருந்தாள். அன்றைக்கு நல்ல காற்று.

"மச்சான், அஞ்சு நிமிஷன்னியே!"

"பேசாதய்யா. கயித்தைப் பாரு."

ஏழு நிமிடம் ஆயிற்று. கிளை ஒரு பெருமூச்சுப் போலச் சத்தம் விட்டு மரத்தைவிட்டுப் பிரிந்தது. கயிறு இழுத்த இழுப்பில் ராஜாம்பாள் ஓர் அடி முன்னே போனாள். பிறகு கிளை மெதுவாக இறங்கி வாசலில் படுத்தது. நாலு ஓடுகள் உடைந்தன. கமலவேணி உள்ளே போய்ப் பார்த்தாள். உடைந்த ஓட்டு வழியாக வெயில் நேராகத் தூளிக்குள் விழுந்துகொண்டிருந்தது.

அவள் வெளியே வந்து அருவாளை எடுத்தாள்.

திருநாள் அறிக்கையை எழுதி முடிக்கப் பிரிவுக்கு எட்டு நாள் ஆயிற்று. எதிரி மிதமான மகிழ்ச்சியில் இருந்தார் என்று எழுதி அனுப்பிவிட்டுத்தான் ஸ்தலத்துக்கு வந்தார்கள். மரத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் தெரிந்தது. சக்கரபாணி சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காரணம் எங்கே?"

"அடுப்புல" என்றாள் கமலவேணி.

"முழுவதுமா?"

"பாதி பட்டுப்போன கெளைதானே. நல்லா எரிஞ்சுது. பச்சையா இருந்ததை ராஜாம்பா காய வெச்சிருக்கா. பாப்பாவைக் குளிப்பாட்டத் தினமும் வெந்நி வேணுமில்ல?"

"அதில் எண் எழுதியிருந்தோமே அம்மா!"

"அது மொத நாளே எரிஞ்சுபோச்சு."

சக்கரபாணியின் கண் கலங்கியது. ஆதிமூலம் அவர் தோளைத் தொட்டு, பழைய பிரெஞ்சுப் பழக்கத்தில் "அலோர், மிசியே, சரி சார், போவலாம்" என்றார். அடுப்புச் சாம்பலில் ஒரு கைப்பிடியை உறையில் போட்டு ஒட்டிக் கோப்பில் வைத்தார்கள். சாமிக்கண்ணுவைத் துரோகி என்று எழுதுவதா, விண்ணப்பதாரர் என்று எழுதுவதா என்று முடிவாகவில்லை. துரோகி என்று எழுதினால் விண்ணப்பம் செல்லாது. விண்ணப்பம் செல்லாவிட்டால் பிரிவு இல்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் மணியம்மாள்தான் கோப்பைப் புரட்டி நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தைக் காட்டினார். காது.

இரு நாடுகளுக்கும் நல்லுறவு இல்லை என்பதற்கு ஆதாரமாக ஒரு இந்தியக் குழந்தையின் இடது காது இன்னும் குத்தப்படாமல் இருந்தது. அரசு ஆவணத்தில் பதிவானது. எரிக்க முடியாதது. சக்கரபாணி நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று மாலைக்குள் நோட்டீஸ் தயாரானது. மேற்படி இடது காது அரசுப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. மறு உத்தரவு வரும் வரை அதில் எந்தத் துளையும் இடக் கூடாது. கிடைத்த நேரத்தைக் குறித்துக் கையெழுத்து வாங்கி வரவும்.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை அம்மாவாசை சைக்கிளில் போனார். வாசலில் பலகை இல்லை. அதுவும் அடுப்புக்குப் போயிருக்க வேண்டும். உள்ளே பாய் விரித்திருந்தது. தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் அன்னக்கிளி. எதிரில் பத்தர் ஊசியை விளக்கில் காட்டிக்கொண்டிருந்தார். குழந்தைக்குப் போன முறை நடந்தது நினைவிருந்தது. தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டு கத்தியது.

சாமிக்கண்ணு அம்மாவாசையைப் பார்த்தார். அவர் கையில் இருந்த தாளைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"யாராச்சும் தலையைப் புடிங்கப்பா" என்றார் பத்தர் திரும்பாமல். "ஆடிக்கிட்டே இருந்தா எங்க குத்தறது?"

அம்மாவாசை செருப்பைக் கழற்றினார். பாயில் வந்து உட்கார்ந்தார். நோட்டீஸைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் குழந்தையின் தலையைப் பிடித்தார். மூன்று பெண்களுக்குப் பிடித்த கை. அசையவில்லை.

"ம்" என்றார்.

முடிந்ததும் கமலவேணி குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு தட்டினாள். அம்மாவாசை தொடைக்கு அடியில் இருந்த தாளை எடுத்து நீவினார். சாமிக்கண்ணுவிடம் நீட்டினார். சாமிக்கண்ணு கையெழுத்துப் போட்டார். கிடைத்த நேரம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று கேட்டார்.

அம்மாவாசை குழந்தையின் பக்கம் திரும்பிப் பார்த்தார். கேவல் நிற்கும் வரை காத்திருந்தார். பிறகு பேனாவை வாங்கி அவரே எழுதினார்: பாப்பா அழுது முடித்த பிறகு.